பழங்கல்லும் படிப்புச் செலவும்

புதைபொருள் ஆராய்ச்சியைச் சர்வகலாசாலையில் கற்றால் வயிறு நிறையுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. சேர்வராயன் மலையில் தீட்டிய கற்கோடரிகள் கிடைத்தன. மலைவாசிகள் அவற்றைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துப் போற்றினர். அவை புதிய கற்காலக் கருவிகள். இத்தகையவற்றைச் சேகரித்து ஆராய்ந்த ராபர்ட் புரூஸ் பூட், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். முதுமையில் ஏற்காட்டில் வசித்தார். அவருக்குச் சம்பளம் அளித்ததோ பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா. கற்காலம் அவருக்கு ஓய்வு நேர வேலை!

உத்தியோகமும் ஓய்வும் இல்லாத ஏற்காட்டு ஏழைப் பிள்ளை என் செய்யும்? தன் முன்னோர் பூஜித்த கல்லின் வயதைப் பிறர் சொல்லக் கேட்டு நிற்கும். இந்நிலையை நாம் ஒப்பவில்லை. இப்படிப்புக்குக் கட்டணத்தை நீக்கி, அகழ்வுக் களத்தில் உணவுச் செலவும் தருக. தேறியவர்களுக்கு மாவட்டந்தோறும் அருங்காட்சியகங்களில் நிரந்தர வேலை அளிக்கச் சர்க்கார் முன்வர வேண்டும்; சேலத்திலேயே தொடங்கலாம்.