அறுபது பேருக்கு ஒரு நன்றி

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டுக்குள் நின்றிருந்தேன். சட்டைப்பையில் போன் விர் விர் என்று துடித்தது. யாருக்கு என்னாச்சோ என்று பதறி வெளியே வந்து பார்த்தால், ஆபீஸ் மெயில். ஒருவருக்குப் பதவி உயர்வு என்று அறுபது பேருக்கு அறிவிப்பு. அதில் நாற்பது பேர் 'ரிப்ளை ஆல்' தட்டி வாழ்த்தியிருந்தார்கள். அவருக்கு மட்டும் சொன்னால் போதாதா? போதாது. வாழ்த்தியதை மேனேஜர் பார்க்க வேண்டாமா!

கையில் காசில்லாத காலத்தில், 1919-ல், பாரதி இந்த ஊர் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதினார். அது ஒருவர் பெயருக்குப் போன கடிதம். பதில் சொல்வதும் சொல்லாததும் அந்த ஒருவர் பொறுப்பு. அதையே இன்று அறுபது பேருக்கு அனுப்பிப் பாருங்கள். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று அறுபது பேரும் இருந்துவிடுவார்கள்.

மெயிலில் வரும் 'சி.சி.' என்பது கார்பன் காப்பிதான். டைப்ரைட்டர் காலத்தில் தாளை அடுக்க அடுக்க, கடைசி நகலில் எழுத்து மங்கும். அதனால் யாருக்கு நகல் என்று யோசித்தார்கள். இப்போது நகலுக்குச் செலவே இல்லையாம். பி.காம். படித்தவன் நான், ஒப்புக்கொள்ள மாட்டேன். செலவு இருக்கிறது, வாங்குகிறவன் கணக்கில் ஏறுகிறது.

2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் ஒரு சோதனை மெயில் தவறுதலாகச் சுமார் 8,40,000 பேருக்குப் போய்விட்டது. 'என்னை நீக்குங்கள்' என்று ஆளாளுக்கு எல்லோருக்கும் பதில் போட, ஒண்ணேகால் மணி நேரத்தில் 50 கோடி மெயில்!

இதுகூட அசட்டுத்தனம், மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது இன்னொன்று. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், புதிதாய்ச் சேர்ந்த பெண் ஒரு தொகையைத் தப்பாகப் போட்டுவிட்டாள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த சீனியர் எழுந்து வந்து சொல்லவில்லை. டிபார்ட்மென்ட் தலைவருக்கும் மற்ற எல்லோருக்கும் நகல் வைத்து மெயிலில் விளாசினார். அன்று மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மாதத்தில் வேலையை விட்டாள். அவர் அதற்கு வைத்த பெயர் வெளிப்படைத்தன்மை. எங்க ஊரில் சந்தி சிரிக்க வைப்பது என்பார்கள்.

நகல் வாங்குகிற பெரிய அதிகாரிகள் நினைத்தால் ஒரே வாரத்தில் இதை நிறுத்தலாம். "இதை எனக்கு ஏன் அனுப்பினீங்க? அவங்ககிட்ட நேர்ல பேசினீங்களா?" என்று கேட்டால் போச்சு. கேட்க மாட்டார்கள். மெயில் பெட்டி நிரம்பி வழிந்தால்தானே பெரிய பதவி!

பதவி உயர்வு பெற்றவரை அங்கிருந்தே போனில் கூப்பிட்டு வாழ்த்தினேன். சந்தோஷப்பட்டார். பஸ் ஏறினேன். மறுபடி விர் விர். வாழ்த்திய நாற்பது பேருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் நகல் வைத்து.