உதவப் போன ஊரில் நான் விருந்தாளி



வெளியிலிருந்து நமக்கு உதவ வந்தவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். படிவத்துடன் வந்தவர்கள், படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், மறுபடி வராதவர்கள் என்று ஆளுக்கொரு கதை நம்மிடம் உண்டு. இம்முறை நான் சொல்வது மறுபக்கக் கதை. 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் உகண்டாவின் வடக்கே ஒரு கிராமத்துக்கு மூன்று மாதத் தொண்டராகப் போயிருந்தேன். அங்கே படிவத்துடன் போய் இறங்கியவள் நான்தான்.

தலைநகர் கம்பாலாவிலிருந்து குலு நகரம் 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். வழியில் கருமா என்ற இடத்தில் நைல் நதியைக் கடக்க வேண்டும். அதற்கு மேலும் வடக்கே போனால் அச்சோலி மக்களின் நிலம். குலுவிலிருந்து 'போடா போடா' என்று சொல்லும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறினேன். செம்மண் பாதை. இருபுறமும் குரக்கன், மரவள்ளி, எள்ளு, கச்சான். வட்டமான மண் வீடுகள், புல் வேய்ந்த கூரைகள், கூட்டித் துப்புரவாக்கிய முற்றங்கள். வீடுகளின் வடிவத்தை விட்டுப் பார்த்தால் மல்லாவிப் பக்கம் போவது போலத்தான் இருந்தது. என்னைக் கண்ட பிள்ளைகள் "முனு, முனு" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். முனு என்றால் வெள்ளைக்காரர், வெளிநாட்டார். கறுப்பி என்று ஊரில் பெயரெடுத்த எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மண்ணிலும் போர் நடந்தது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படைக்கும் அரசாங்கப் படைக்கும் இடையில் மக்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். பல்லாயிரம் சிறுவர் சிறுமியரைக் கிளர்ச்சிப் படை கடத்திச் சென்றது. 1996 முதல் அரசாங்கம் மக்களை ஊர்களிலிருந்து எழுப்பி முகாம்களில் இருத்தியது. 2005 அளவில் முகாம்களில் இருந்தவர்கள் 15 இலட்சத்துக்கும் அதிகம். கடத்தலுக்குப் பயந்த பிள்ளைகள் பொழுதுபடுமுன் பாயைச் சுருட்டிக்கொண்டு நகருக்கு நடந்து போவார்கள். கடை விறாந்தைகளிலும் ஆஸ்பத்திரி வளவுகளிலும் படுத்துவிட்டு விடியத் திரும்புவார்கள். 2006 ஆகஸ்டில் சண்டை நிறுத்த உடன்பாடு வந்தது. அதன் பின்னரே மக்கள் மெல்ல மெல்ல ஊர் திரும்பினார்கள்.

நான் போய் இறங்கியபோது மாமரத்தின் கீழ் முப்பது பெண்கள் வரை கூடியிருந்தார்கள். குலவையிட்டு வரவேற்றார்கள். இருந்த ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரையை எனக்குப் போட்டார்கள். அவர்கள் எல்லோரும் பாயில். நானும் பாயில் இருக்கிறேன் என்றேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஓர் இளம் பெண் முழந்தாளிட்டு என் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். கோழி அடித்துச் சமைக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும், "எனக்காகச் சிரமப்பட வேண்டாம், நான் கொண்டுவந்த பிஸ்கட் போதும்" என்று சொல்லிவிட்டேன். பண்பாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மொழிபெயர்த்த தங்கை கொஞ்சம் தயங்கியதையும், கேட்டவர்களின் முகம் வாடியதையும் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலை குறிப்புப் புத்தகத்துடன் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் என் அம்மாவின் வயதை ஒத்த ஒரு தாய். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். எட்டு என்றார். இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். கோதுடன் கூடிய கச்சானை ஒரு சுளகில் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "முதலில் இதை உடை பிள்ளை" என்றார்.

நான் உடைத்தேன். உடைக்க உடைக்க 2009 ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது.

செட்டிகுளத்து முகாமில் எங்கள் கூடாரத்துக்கு ஒரு மாதத்துக்குள் நாலு பேர் வந்து அம்மாவிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அம்மா நாலு தரமும் ஒரே பதிலைச் சொன்னா. நாலாவதாக வந்த பெண் எழுந்து போன பிறகு நான் கோபப்பட்டேன். அம்மா கோபப்படவில்லை. "கேட்டது கிடக்கட்டும். வீட்டுக்கு வந்த ஒரு பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க என்னட்ட வழியில்லாமல் போச்சே, அதுதான் எனக்கு மனவருத்தம்" என்றா.

சகோதரிகளே, அந்த வார்த்தைகளை நான் அன்றுதான் சரியாக விளங்கிக்கொண்டேன். முகாமில் இருப்பவள் வரிசையில் நின்று வாங்குகிறவள். கொடுக்கிறவள் என்ற இடத்தை அவள் இழந்துவிடுகிறாள். இந்தத் தாய்மாரும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வரிசையில் நின்றவர்கள். இப்போது சொந்த மண், சொந்தக் கோழி, சொந்தக் கச்சான். வந்தவளுக்கு ஒரு நேரச் சாப்பாடு போட அவர்களால் முடியும். அதைத்தான் நான் பிஸ்கட் பைக்கற்றைக் காட்டி வேண்டாம் என்றேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, மக்களோடு கலந்திருந்து அவதானிப்பது எப்படி என்று பரீட்சையும் எழுதிச் சித்தியடைந்தவள் நான். சாப்பிடு என்றால் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று மாலை அந்தத் தாயின் வீட்டில் சாப்பிட்டேன். குரக்கன் மாவும் மரவள்ளி மாவும் கலந்து கிண்டிய க்வோன். நம்முடைய களி போன்றது. தொட்டுக்கொள்ள மாலக்வாங் என்ற புளிப்புக் கீரை, எள்ளும் கச்சானும் அரைத்த விழுதுடன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன். அவர் முகம் மலர்ந்தது. இரவில் முற்றத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து கதை சொல்வது அவர்கள் வழக்கம். அதற்கு 'வாங் ஓ' என்று பெயர். முகாம்களில் அது நின்றுபோயிருந்ததாம். ஐந்தாம் கிழமை, அந்த நெருப்பருகில், நான் கேளாமலே அவர் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவருடையது.

நான் போனது அவர்களின் சேமிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுதப் பழக்குவதற்காக. அவர்களே எனக்குப் பழக்கினார்கள். பணப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பும் மூன்று பெண்களிடம். பெட்டி நாலாமவர் வீட்டில். கிழமைதோறும் ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை போடலாம். ஒவ்வொரு பங்குக்கும் புத்தகத்தில் ஒரு முத்திரை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் முடியுமுன் பெட்டியில் மிச்சம் எவ்வளவு என்று உரத்துச் சொல்வார்கள். அடுத்த கிழமை பூட்டைத் திறக்குமுன் அந்தத் தொகையைக் கூட்டத்தினர் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும். கடன் வாங்குகிறவர் கட்டும் வட்டியும் அதே பெட்டிக்குள்தான் விழும். வருட முடிவில் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். 1991 இல் நைஜர் நாட்டில் கேர் நிறுவனத்தின் வேலைத்திட்டம் ஒன்றில் கிராமத்துப் பெண்களிடையே தொடங்கிய முறை இது. நுண்கடனுக்காகக் கிழமைதோறும் வாசலில் ஆள் வந்து நிற்பதைக் கண்ட நமது மாதர் சங்கங்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் நான் செய்தது என்ன? குழுவைப் பதிவு செய்யும் ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அது அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவர்களே கேட்டது.

இனி நமது வாசலுக்கு யாராவது படிவத்துடன் வந்தால், முதலில் இருக்கச் சொல்லுங்கள். ஒரு தேத்தண்ணி கொடுங்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்: நீங்கள் யார், இதை எழுதி என்ன செய்வீர்கள், மறுபடி எப்போது வருவீர்கள்? பதில் சொல்ல விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நம்மில் யாராவது இன்னொரு ஊருக்கு உதவப் போனால், போட்ட கதிரையில் இருப்போம், தந்ததைச் சாப்பிடுவோம். புத்தகத்தைப் பிறகு திறக்கலாம்.

நான் புறப்பட்ட அன்று அந்தத் தாய் கச்சானும் எள்ளும் அரைத்த விழுது ஒரு போத்தல் தந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா அரைச்சிருக்கிறா" என்றா அம்மா. "அவவுக்கு நீ என்ன குடுத்தனீ?" என்று கேட்டா.

கச்சான் உடைச்சுக் குடுத்தனான் அம்மா, என்றேன்.