அபராதம் கட்டியவருக்கு மட்டும்தான் புள்ளியா?

சம்மன் வந்ததும் நம் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது கழிவு தருவார்கள்?" என்பதுதான். பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையானாலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவானாலும் இதே பேச்சு. பணத்தைப் பற்றிப் பேசும் நாம், புள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை.

1997இல் அறிமுகமான கெஜாரா புள்ளிமுறை, 2017 ஏப்ரல் 15 முதல் புதிய வடிவம் பெற்றது. அதன்படி சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளிகள். 20 புள்ளிகள் சேர்ந்தால் எச்சரிக்கை; 40 ஆனால் ஆறு மாதம் வரை லைசென்ஸ் முடக்கம்; 100 ஆனால் ரத்து. காரில் 'பி' ஒட்டியிருக்கும் நம்மில் பலருக்கோ 20 புள்ளிகளிலேயே ரத்து. ஐந்து சிவப்பு விளக்குகள் போதும்!

இந்த முறையை நான் ஆதரிக்கிறேன். 300 வெள்ளி அபராதம் வசதியானவருக்கு ஒரு வேளை விருந்துச் செலவு. லோரி ஓட்டுநருக்குப் பல நாள் உழைப்பு. புள்ளி மட்டுமே இருவருக்கும் சமம். லைசென்ஸ் போனால் லோரி ஓட்டுநரின் பிழைப்பே போகுமே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் முதலில் எச்சரிக்கை வருகிறது.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை. அபராதம் கட்டிய பிறகோ, நீதிமன்றம் தண்டித்த பிறகோதான் புள்ளி பதிவாகும் என்பது விதி. ஒழுங்காகக் கட்டியவர் கணக்கில் புள்ளி ஏறுகிறது. இழுத்தடிப்பவர் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

2025 ஜூன் 9ஆம் தேதி, கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் 15 மாணவர்கள் மாண்டார்கள். அந்த ஓட்டுநர் மீது 18 சம்மன்கள் இருந்தன, 13 வேகத்துக்காக. அப்படியும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

2026 ஜனவரி முதல், 15 நாளில் கட்டினால் பாதி அபராதம் என்ற ஏற்பாடு வந்தது. நல்லதுதான். ஆனால் அது பணத்துக்கான தீர்வு மட்டுமே. சம்மனை எதிர்க்க அவகாசம் கொடுங்கள். அது முடிந்ததும், கட்டினாலும் கட்டாவிட்டாலும் புள்ளியைப் பதியுங்கள் என்பதே என் கோரிக்கை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பலர் ஓட்டுவது அப்பா பெயரில் உள்ள கார். சம்மன் அவர் பெயருக்கே போகிறது. ஓட்டியது யார் என்று கேட்டால் தெரிவிக்க வேண்டியது, 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி உரிமையாளரின் பொறுப்பு. லைசென்ஸை நம்பிக் குடும்பத்தைக் காப்பாற்றும் அப்பாவின் கணக்கில், நம் அவசரத்தின் புள்ளியை ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?