தங்கையின் பங்கும் சட்ட நூலகமும்

 

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் மத்ரஸாவுக்கு ஓர் அண்ணனும் தங்கையும் வந்தனர். அவர்களுடைய வாப்பா மவ்த்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. கடன்கள் தீர்க்கப்பட்டு, ரொக்கமும் வீடும் ஷரீஅத் முறைப்படி பங்கிடப்பட்டுவிட்டன. எஞ்சியிருந்தது 2 ஏக்கர் 40 சென்ட் நன்செய் நிலம் மட்டுமே.

"ஹஜ்ரத்! நிலத்தில் எனக்குப் பங்கில்லை என்று காக்கா சொல்கிறார். உண்மைதானா?" என்று கேட்டார் அச்சகோதரி.

அண்ணன் அநியாயக்காரர் அல்லர், ஐவேளைத் தொழுகையாளி. "எங்கள் குடும்ப வழக்கப்படி நிலம் ஆண்மக்களுக்கே. சட்டமும் அதைத் தடுக்கவில்லை" என்று கூறி, ஒரு நகல் தாளை நீட்டினார். அது 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். வாரிசுரிமை, திருமணம், மஹர், ஜீவனாம்சம் போன்றவற்றில் வழக்காறு எதுவாக இருப்பினும் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே சட்டம் என்கிறது அதன் 2ஆம் பிரிவு. ஆனால் விவசாய நிலம் தொடர்பானவற்றுக்கு விலக்கு என்றும் அதே பிரிவில் அச்சாகியிருந்தது!

குர்ஆனின் தீர்ப்பை நான் அவருக்கு எடுத்துரைத்தேன். அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம், விட்டுச் சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று விதிக்கிறது. நிலம் வேறு, வீடு வேறு என்று பிரிக்கவில்லை. அவர் தலை கவிழ்ந்தார். ஆயினும், "கோர்ட்டில் இந்தத் தாள்தானே செல்லும்?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. விடை தேடி நகரத்திலுள்ள ஒரு பெரிய சட்ட நூலகத்திற்குச் சென்றேன்.

ஒரே நிறத் தோல் அட்டையில், ஒரே உயரத்தில், கூரை வரை அடுக்கிய ஆயிரமாயிரம் தொகுதிகள்! முற்பகல் முழுவதும் எனக்கு வீணாயிற்று. அலைந்து களைத்த என்னிடம் நூலகர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு வேண்டியது சட்டமா, தீர்ப்பா, விளக்கமா?"

வாசகர்களே! சட்ட நூலகத்தின் திறவுகோல் இந்தக் கேள்விதான். நம் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூல வாசகமாகிய மத்ன் ஒரு நூல்; அதற்கு எழுதப்பட்ட ஷரஹ் வேறு நூல்; நேர்ந்த நிகழ்ச்சிகளுக்கு முஃப்திகள் அளித்த ஃபத்வாக்களின் தொகுப்பு மற்றொரு நூல். சட்ட நூலகமும் இவ்வாறே மூன்று பகுதிகளாக நிற்கிறது.

புதிதாகச் செல்பவர் விளக்க நூல்களிலிருந்து தொடங்குவதே நலம். முஸ்லிம் சட்டத்திற்கு முல்லாவின் நூலும், 1949இல் முதற்பதிப்புக் கண்ட ஃபைஸீயின் நூலும் பெரும்பாலும் கிடைக்கும். முதற்பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. பின்பக்கத்துப் பொருளகராதியில் சொல்லைத் தேடுங்கள். முன்பக்கத்து வழக்குப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். அடிக்குறிப்புகளைத் தவற விடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் நம்பிய ஆங்கில 'ஹிதாயா', 1791இல் ஹாமில்டன் என்பவர் பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து ஆக்கியது. அரபு மூலத்திலிருந்து நேராக வந்ததன்று. அது ஹனஃபி நூல். ஷாஃபிஈகளின் 'மின்ஹாஜ்' 1914இல் ஆங்கிலத்தில் வந்தபோது பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாகவே வந்தது. ஆகவே கையிலிருக்கும் நூல் எந்த மத்ஹபுடையது, எத்தனை கை மாறி வந்தது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு வழி காட்டியதும் ஒரு விளக்க நூலின் அடிக்குறிப்புத்தான். அது சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டு 18ஆம் சட்டத்தைச் சுட்டியது. மத்தியச் சட்டங்களின் தொகுதிகளில் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை. "மாநிலச் சட்டங்களுக்குத் தனி அலமாரி" என்று நூலகர் எதிர்ப்புறம் கை காட்டினார்.

அங்கே இருந்தது அந்தத் திருத்தம்! சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை விவசாய நிலத்துக்கான விலக்கு 1949இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி விவசாய நில வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. ஆகவேதான் 1937இல் மத்தியச் சட்டமன்றம் அதைத் தொடாமல் விட்டது. பின்னர் சென்னைச் சட்டமன்றம் தன் அதிகாரத்தால் அந்த இடைவெளியை நிரப்பியது. அண்ணன் காட்டிய தாள் பொய்யன்று; ஆனால் அது பாதி. மறுபாதி எதிர் அலமாரியில் இருந்தது.

மூன்றாவது பகுதி தீர்ப்புத் திரட்டுகள். சென்னை, பம்பாய், கல்கத்தா, அலகாபாத் உயர் நீதிமன்றங்களுக்கு 1876 முதல் ஐ.எல்.ஆர். வரிசைகள் உண்டு, 1950 முதல் உச்ச நீதிமன்றத்தின் எஸ்.சி.ஆர். உண்டு, தனியார் வெளியிடும் ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி. போன்றவையும் உண்டு. இவற்றின் முகவரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். 'ஏ.ஐ.ஆர். 1985 எஸ்.சி. 945' என்றால், அத்திரட்டின் 1985ஆம் ஆண்டுத் தொகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, 945ஆம் பக்கம். நாம் அனைவரும் அறிந்த ஷா பானு வழக்கின் முகவரி இதுவே.

அந்தப் பக்கத்தைக் கண்டவுடன் எழுந்து வந்துவிடக் கூடாது. அதன் பின் 1986இல் புதிய சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு 2001இல் டானியல் லத்தீஃபி வழக்கில் விளக்கம் வந்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இப்பொருளில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புகளின் நிறைகுறை வேறு பேச்சு; நான் சுட்டுவது இந்த வரிசையை மட்டுமே. ஜீவனாம்சம் பற்றிய 125ஆம் பிரிவுகூட, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவாகிவிட்டது. நாஸிக் எது, மன்ஸூக் எது என்று அறியாமல் ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவரை நாம் ஆலிம் என்போமா? சட்டத்திலும் இதே பேணுதல் வேண்டும்.

தனிச் சட்ட நூலகம் இல்லாத ஊர்க்காரர்கள் பொது நூலகத்தில் தேடலாம். தசம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகமாயின், 340இல் தொடங்கும் எண்கள் சட்டத்துக்குரியவை. இஸ்லாமியச் சட்டம் 340.59இல் இருக்கும், குடும்பச் சட்டமும் வாரிசுரிமையும் 346இல் இருக்கும், ஃபிக்ஹு நூல்கள் இஸ்லாத்துக்குரிய 297இலும் இருக்கக்கூடும். ஒரே பொருளுக்கு மூன்று இடங்கள்! ஓரிடத்தில் காணாததால் இல்லையென்று முடிவு கட்டாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அந்நீதிமன்றத்தின் இணையப் பக்கத்திலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். ஆயினும் கைபேசியில் தேடும்போதும் அதே கேள்விதான்: சட்டமா, தீர்ப்பா, விளக்கமா? அதற்குப் பின் வந்தது என்ன?

ஊர் திரும்பியதும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகலை அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இது எனக்குத் தெரியாது, ஹஜ்ரத்" என்றார். நான் அவரை நம்பினேன். பின்பு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்கிட்டோம். மொத்தம் 240 சென்ட். உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 30 சென்ட். எஞ்சிய 210இல் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: அண்ணனுக்கு 140, தங்கைக்கு 70. இந்தக் கணக்கில் இரு மத்ஹபுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. மறுவாரமே நில அளவையாளரை அழைத்து வந்தார் அண்ணன்.

அந்த 70 சென்ட், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அலமாரியில் எழுத்தாக இருந்தது. எடுத்துப் பார்க்க ஆளில்லாததால் ஒரு சகோதரியின் ஹக்கு பறிபோக இருந்தது. நம் மஹல்லாக்களில் இன்னும் எத்தனை சகோதரிகளோ!

ஆகவே சகோதரர்களே, யாரேனும் ஒரு தாளைக் காட்டிப் பங்கில்லை என்றால், உடனே பணிந்துவிடாதீர்கள். உடனே சண்டைக்கும் போகாதீர்கள். ஆலிமிடம் மார்க்கத்தைக் கேளுங்கள். வழக்கறிஞரிடம் சட்டத்தைக் கேளுங்கள். படித்த பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்மக்களை, நூலகத்திற்கு அனுப்புங்கள். நூலகரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். அரை நாள் அலைந்த பின்னரே நான் அதைக் கற்றேன்.

பிறர் ஹக்கைத் தவறாமல் கொடுத்துவிடும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.