இரைப்பை மெலனோமாவும் 'முதன்மை' என்னும் அவசரச் சொல்லும்

இரைப்பையில் மெலனோமா என்பது மருத்துவர் பலர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூடக் காணாத நோய். அதனாலேயே, கண்ணில் பட்டதும் ஒரு நேர்வறிக்கை பிறந்துவிடுகிறது: எண்டோஸ்கோப்பிப் படம் ஒன்று, நுண்ணோக்கிப் படங்கள் இரண்டு, 'இரைப்பையின் முதன்மை மெலனோமா' என்றொரு தலைப்பு. அத்தலைப்பிலுள்ள 'முதன்மை' என்னும் அடைமொழியே இங்கு வழக்குக்குரியது.

புற்று வேறெங்கிருந்தும் பரவி வரவில்லை, இரைப்பையிலேயே தோன்றியது என்பது அதன் பொருள். ஆனால் மெலனோசைட் செல்கள் இரைப்பையின் சளிச்சவ்வில் இயல்பாக இருப்பதில்லை. அங்கு அவை எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதற்குக் கருதுகோள்களே உள்ளன. மறுபுறம், தோல் மெலனோமா செரிமானப் பாதைக்குப் பரவுவது நன்கறியப்பட்ட செய்தி. உயிருடன் இருக்கையில் மிகச் சிலரிடமே கண்டறியப்படும் இப்பரவல், மெலனோமாவால் இறந்தோரின் பிணக்கூறாய்வுகளில் 60 விழுக்காடு வரை காணப்பட்டுள்ளது. தோலில் தோன்றிய மூலக்கட்டி உடலின் எதிர்ப்பாற்றலால் தானே கரைந்து, வெளிறிய தழும்பாக மட்டும் எஞ்சுவதும் உண்டு. எனவே 'முதன்மை' என்று எழுதுபவரே அதை மெய்ப்பிக்கவும் கடமைப்பட்டவர்.

பல அறிக்கைகளில் அக்கடமை 'தோல் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. எந்தத் தோல்? வெளிர்தோல் மக்களிடம் வெயில் படும் இடங்களில் தேடப்படும் நோயை இந்தியரிடம் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் மலவாயிலும் தேட வேண்டும். உள்ளங்காலின் கரும்புள்ளி கால் ஆணியென்றும், ஆறாத நகப்புண் நகச்சுற்றென்றும், மலவாய்க் கட்டி மூலமென்றும் நெடுநாள் கடந்துபோகக்கூடும். கண்ணின் உட்பகுதி, வாய், மூக்கு, பிறப்புறுப்பு, முழுவுடல் பெட் ஸ்கேன், எப்போதோ ஒரு 'மச்சம்' அகற்றப்பட்டதா என்ற எளிய கேள்வி ஆகியவை பதிவாகாத அறிக்கையில் 'முதன்மை' என்பது வெறும் ஊகம்.

நோயை இனங்காண்பதிலேயே இடறல் உண்டு. நிறமியற்ற மெலனோமா நுண்ணோக்கியின்கீழ் கார்சினோமாவாகவோ லிம்ஃபோமாவாகவோ தோற்றமளிக்கும். கிட் சாயத்தை மட்டும் நம்பினால் ஜிஸ்ட் கட்டியென்றும் மயங்கலாம். எஸ்-100, சாக்ஸ்-10, எச்எம்பி-45, மெலன்-ஏ ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஐயம் தீரும். இவ்வசதி இல்லாத ஆய்வகத்தில் நோயாளி 'இரைப்பைப் புற்று' என்ற பெயரோடும் பொருந்தாத கீமோதெரபியோடும் முடிந்துபோவார். அவரைப் பற்றி எந்த அறிக்கையும் வராது.

இதைச் சொற்சண்டை என்று ஒதுக்குவோர் சிகிச்சையை நோக்கட்டும். கட்டி ஓரிடத்தில் மட்டுமிருந்தால் அதை வெட்டியகற்றுவதே முதல் வழி. பரவிய நோயாயின் இம்யூனோதெரபி முன்னிற்கும். அறுவை பெரும்பாலும் குருதிக்கசிவையோ அடைப்பையோ தணிப்பதற்குத்தான். தவறாகச் சூட்டிய அடைமொழியால் ஒருவர் தம் இரைப்பையையே வீணில் இழக்க நேரலாம். சளிச்சவ்வு மெலனோமாவில் பிராஃப் மரபணு மாற்றம் தோல் வகையைவிடக் குறைவு, கிட் மாற்றம் கூடுதல். எனவே மரபணுச் சோதனையும் தவிர்க்கவியலாதது. 2014இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை இவ்வகையில் குறைவாகவே பலன் தருகின்றன. விலை மட்டும் குறைவதில்லை. தலை-கழுத்துப் புற்றில் வழக்கமான அளவின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாப் உதவுவதை 2022இல் டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு காட்டியது. சளிச்சவ்வு மெலனோமாவில் அதே வினாவை எழுப்பவேனும் நாடெங்கும் சிதறிக்கிடக்கும் நோயாளர் விவரங்கள் ஓரிடத்தில் சேர வேண்டும்.

அரிய நோயைப் பற்றி நேர்வறிக்கைகளே அறிவு தருகின்றன என்பது வழக்கமான மறுமொழி. பாதி உண்மை. முதுநிலை மருத்துவ மாணவர் தேர்வெழுதக் கட்டுரை ஒன்றை அனுப்பியிருக்க வேண்டுமென்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அத்தேவைக்கு 'அரிது' என்ற சொல் மலிவாகப் பயன்பட்டது. அவ்வறிக்கைகளின் இலக்கணத்தையும் கவனிக்கலாம். 'பரிசோதிக்கப்பட்டது', 'அகற்றப்பட்டது' என எல்லாமே செய்வோரற்ற செயப்பாட்டுவினை. கடைசி வரியில்தான் எழுவாய் தோன்றுகிறது: 'நோயாளி தொடர்கண்காணிப்புக்கு வரவில்லை.'

எங்கெங்கு தேடப்பட்டது, எச்சாயங்கள் இடப்பட்டன, இரண்டாண்டு கழித்து அவர் எவ்வாறு இருக்கிறார் என்ற விவரங்கள் இல்லாத அறிக்கையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்பட்டும். துறைத்தலைவர்கள் அடுத்த நோயாளியின் விவரத்தைப் பல மருத்துவமனைகளுக்குப் பொதுவான பதிவேட்டில் சேர்த்த பிறகு கட்டுரைக்குக் கையெழுத்திடட்டும்.