கப்பல் வராத நாட்கள்



பிழைப்பைத் தேடி இத்தீவுகளுக்கு வந்து குடியேறிய நமக்குக் கப்பலின் அருமை நன்கு தெரியும். கடல் கொந்தளித்துச் சரக்குக் கப்பல் தாமதித்தால், சந்தையில் காய்கறி விலை ஏறிவிடுகிறது. சில நாட்களில் கப்பல் வந்துவிடும் என்று நாம் தேற்றிக்கொள்கிறோம். மூன்றரை ஆண்டுகள் அந்த நம்பிக்கையே இல்லாதிருந்த ஒரு காலம் இம்மண்ணுக்கு உண்டு.

1942 மார்ச் மாதத் தொடக்கத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. அதே மாதம் 23ஆம் தேதி, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் ஜப்பானியப் படை இறங்கியது. அரிசிக்கு வெளியிடத்தை நம்பியிருந்த தீவில், உண்ணும் வாய்கள் பெருகின, கப்பல்கள் குறைந்தன. விமானத்தளம் அமைக்கவும் மரவள்ளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடவும் ஜனங்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

போரின் இறுதியில், 1945 ஆகஸ்டில், உழைக்க இயலாதவர்கள் எனக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கானோர், வேறொரு தீவில் பயிரிட்டுப் பிழைக்கலாம் என்று கூறிப் படகுகளில் ஏற்றப்பட்டனர். ஹேவ்லாக் தீவின் அருகே, இரவில், கடலில் தள்ளப்பட்டனர். கரை சேர்ந்தவர்களிலும் அநேகர் பசியால் மாண்டனர். இன்று சுவராஜ் தீவு என்னும் பெயரோடு உல்லாசப் பயணிகள் திரளும் இடம் அதுவே. உணவு குறைந்தபோது, பலவீனர் மனிதராக எண்ணப்படாமல், குறைக்கப்பட வேண்டிய வாய்களாக எண்ணப்பட்டனர்.

அதே பர்மா அரிசி நின்றபோது வங்காளத்தில் நிகழ்ந்ததும் சிந்திக்கத்தக்கது. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ அரிசி, 13, 14 ரூபாய்க்கு விற்றது. 1943 மே மாதத்தில் அது 30 ரூபாயைக் கடந்தது. கூலியாட்களின் கூலி அவ்விதம் உயரவில்லை. பதுக்கியவரின் களஞ்சியத்தில் நெல் இருந்தது. அதை வாங்கக் கூலியாளிடம் பணம் இல்லை. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். 2024இல் சூடானின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டதற்கும் யுத்தமும் முற்றுகையுமே காரணம்.

முற்றிக்கை போடப்பட்ட சமாரியாவில் ஒரு கழுதைத்தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்றதை வேதத்தில் வாசிக்கிறோம். அப்பட்டணத்திற்கு ஆகாரம் கிடைத்த செய்தியைக் கொண்டுவந்தவர்கள் யார்? வாசலுக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த நான்கு குஷ்டரோகிகள். சீரியரின் பாளயத்தில் புசித்துக் குடித்து, கிடைத்ததை முதலில் ஒளித்தும் வைத்தார்கள். பின்பு, தாங்கள் செய்வது நியாயமல்ல என்று உணர்ந்து நகரத்தாருக்கு அறிவித்தார்கள். நகரம் பிழைத்தது.

ஒரு முறை, கப்பல் தாமதிக்கும் என்று கேள்விப்பட்டு நானும் இரண்டு மூட்டை அரிசி வாங்கி வீட்டில் அடுக்கினேன். மறுநாள் நம் சபையைச் சேர்ந்த தினக்கூலிச் சகோதரி ஒருவர், கடையில் அரிசி தீர்ந்துவிட்டது என்று வெறுங்கையோடு திரும்பிச் செல்வதைக் கண்டேன். அன்று ஒரு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். ஆனாலும் என் அவசரம் அவருடைய பாத்திரத்தை வெறுமையாக்கிற்று என்ற உணர்வு என்னைவிட்டு நீங்கவில்லை.

அருமையான தாய்மார்களே, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் நம் ஊர் வழக்கத்தை மறவாதீர்கள். விலை ஏறும் நாட்களில் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். அடுத்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரியுங்கள். கர்த்தர் தாமே உங்கள் மாவுப்பாத்திரத்தை ஆசீர்வதிப்பாராக.