யாருக்குக் கிடைக்கிறது பயிற்சி மைதானம்?

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு 1995 பருவத்தில் பேட்டி கேஸோ பயிற்சியாளராக வந்தபோது, அணிக்கென்று சொந்த மைதானம் கிடையாது. நார்மன் நகரத்தின் ரீவ்ஸ் பூங்காதான் அவர்களுடைய ஆடுகளம். மாலையில் ஊர்க்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போகும் பொது இடம் அது. முந்தைய இரவு ஆடியவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பொறுக்கி எடுத்த பிறகே மாணவிகள் பயிற்சியைத் தொடங்க முடியும். அதே நகரத்தில், அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பல்லாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் அரங்கம் அப்போதே இருந்தது.

1998இல் அணிக்குச் சொந்த மைதானம் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 2000இல், முதல் தேசியப் பட்டம் வந்தது. இன்று கேஸோவின் அணியிடம் எட்டுத் தேசியப் பட்டங்கள் இருக்கின்றன. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது; அதற்கு முன் எந்தக் கல்லூரி சாஃப்ட்பால் அணியும் செய்யாத சாதனை. ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 71 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2024 மார்ச்சில் இந்த அணிக்காக லவ்ஸ் ஃபீல்ட் என்ற புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 4,200 பேர் அமரலாம். செலவு ஏறத்தாழ 4.8 கோடி டாலர்.

பட்டங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். குப்பை பொறுக்கிய பூங்காவுக்கும் புதிய அரங்கத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் கூர்ந்து பார்க்க வேண்டிய விஷயம். மாணவிகளின் திறமை திடீரென்று பொங்கி வந்துவிடவில்லை. பயிற்சி செய்ய இடம் கிடைத்தது, நேரம் கிடைத்தது, சம்பளம் வாங்கும் துணைப் பயிற்சியாளர்களும் காயத்தைக் கவனிக்கும் மருத்துவக் குழுவும் கிடைத்தார்கள். ஆண், பெண் சமத்துவத்தை ஜூன் மாத இறுதி ஆட்டத்தின் கைதட்டலை வைத்து அளக்கக் கூடாது. யாரும் பார்க்காத அக்டோபரிலும் ஜனவரியிலும் யாருக்கு எந்த மைதானம் ஒதுக்கப்படுகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

ஆட்டத்தின் தன்மையே இதற்குச் சான்று. பெயரில்தான் மென்மை. 12 அங்குலச் சுற்றளவுள்ள கெட்டியான மஞ்சள் பந்து. பிட்சர் கையைக் காற்றாலை இறக்கைபோல ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து எறிவார். பேஸ்பாலில் அவருக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடிக்கு மேல் தூரம். கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடிதான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பந்து புறப்பட்டால், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அரை நொடிகூட இல்லை. மேலெழுவதுபோல் கண்ணை ஏமாற்றும் ரைஸ் பாலா, சட்டென்று தாழும் டிராப் பாலா, வேகத்தை விழுங்கிக்கொண்டு மெதுவாக வரும் சேஞ்ச்-அப்பா என்பதைப் பிட்சரின் மணிக்கட்டு அசைவிலிருந்தே கண்டுகொள்ள வேண்டும். பேஸ்களுக்கு இடையே 60 அடி மட்டுமே என்பதால், தரையில் உருண்டு வரும் பந்தைத் தடுப்பவர் அரைக் கணம் தடுமாறினாலும் ஓடுபவர் முதல் பேஸைத் தொட்டுவிடுவார். இடது கை ஆட்டக்காரராக நின்று, ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிட்டுப் பறக்கும் ‘ஸ்லாப்’ அடியாளர்கள் இந்தக் குறுகிய தூரத்தை நம்பியே ஆடுகிறார்கள்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் யோசித்து ஆட முடியாது. கண்ணும் கையும் காலும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் போட்டி நாளில் வருவதில்லை.

கல்லூரி அணியின் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் வகுப்புகளோடு தொடங்குகிறது. பள்ளி முடித்து வரும் புதியவர்களும் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மாறி வருபவர்களும் முதன்முதலாக ஒரே களத்தில் நிற்பது அப்போதுதான். இலையுதிர்காலத்தில் பிற கல்லூரிகளோடு சில காட்சி ஆட்டங்கள் நடக்கும். அவற்றின் வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் சேராது. ஆனாலும் பயிற்சியாளர்கள் அங்கேதான் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பிட்சருக்கும் புரிதல் உண்டாகிறதா, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் இடத்துக்கு யார் பொருத்தம், நெருக்கடியில் யாருடைய தோள் இறுகுகிறது என்று பார்க்கிறார்கள். பேட்டரின் வீச்சைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுவதும் இந்த மாதங்களில்தான். பருவத்தின் நடுவில் அந்த வேலையில் கை வைக்க முடியாது. டிசம்பரில் தேர்வுகள், ஜனவரியில் முழு அணிப் பயிற்சி, பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டிப் போட்டிகள். அதன் பிறகு மே மாதத்துக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள்.

இவர்கள் முழுநேர மாணவிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது. பருவமல்லாத நாட்களில் 8 மணி நேரம்தான் உச்சவரம்பு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் தங்கத்துக்குச் சமம். மைதானத்தை வேறொரு அணி பிடித்துக்கொண்டாலோ, பந்து வீசித்தரும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தாலோ, போன மணி நேரம் திரும்பி வராது.

வடக்கு மாநில அணிகளின் கதை இன்னும் கடினம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மைதானம் பனியில் மூடிக் கிடக்கும். கூரைக்கு அடியில், செயற்கைப் புல்தரையில்தான் பயிற்சி. அங்கே பந்து எழும்பும் விதம் வேறு, மண் தரையில் எழும்பும் விதம் வேறு. உயரே அடிக்கப்பட்ட பந்தைச் சூரிய ஒளியில் கண் சுருக்கிப் பிடிக்கும் பழக்கமும் கூரைக்கு அடியில் வராது. பருவத்தின் முதல் வாரங்கள் முழுக்க ஃபுளோரிடாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் விமானப் பயணம். பாடப் புத்தகங்களும் கூடவே போகும். நீண்ட காலம் கலிஃபோர்னியா, அரிசோனா அணிகள் இந்த ஆட்டத்தை ஆண்டதற்கு வெயிலும் ஒரு காரணம். 2005இல் மிச்சிகன் பட்டம் வென்றபோது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் கல்லூரி ஒன்று என்சிஏஏ சாஃப்ட்பால் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

அந்த அணியின் பயிற்சியாளர் கரோல் ஹச்சின்ஸ். 1,700க்கு மேற்பட்ட வெற்றிகளோடு 2022இல் ஓய்வு பெற்றார். அவருடைய பெயர் நீதிமன்ற ஆவணங்களிலும் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது அவர் கூடைப்பந்தும் சாஃப்ட்பாலும் ஆடினார். வெளியூர்ப் பயணங்களில் ஆண்கள் அணிக்குக் கிடைத்த உணவுப்படியும் தங்கும் வசதியும் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 1979இல் அவரும் கூடைப்பந்துத் தோழிகளும் தாங்கள் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் நீதிமன்றப் படி ஏறிய மாணவி, பிற்காலத்தில் பனிப் பிரதேசத்து அணி ஒன்றைத் தேசியப் பட்டம் வரை கொண்டுபோனார் என்பதைப் பெண்கள் விளையாட்டைப் பற்றிப் பேசும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வழக்குத் தொடுத்த அந்த மாணவிகளின் கையிலிருந்த ஆயுதம் ‘டைட்டில் நைன்’ என்ற சட்டப் பிரிவு. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் பாலினத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் இந்தச் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1972 ஜூன் 23 அன்று கையெழுத்திட்டார். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆயினும் அது விளையாட்டு மைதானங்களைத்தான் அதிகம் மாற்றியது. 1971–72இல் கல்லூரி அளவில் போட்டிகளில் ஆடிய பெண்கள் முப்பதாயிரத்துக்கும் குறைவு. இன்று இரண்டு லட்சத்துக்கு மேல்.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கல்லூரி சாஃப்ட்பாலின் உச்சப் போட்டியான ‘உமன்ஸ் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ்’ ஓக்லஹோமா சிட்டியில் நடந்தது. மழையால் தள்ளிப்போன ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டியும் நீண்டன. ஓய்வு நாட்கள் போதவில்லை. ஆடி முடித்த வீராங்கனைகள் அரங்கத்திலேயே குளிக்க வசதி இல்லை. ஆண்கள் பேஸ்பால் போட்டிக்கு இருந்த வசதிகளோடு ஒப்பிட்டுப் பயிற்சியாளர்கள் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். கேஸோவும் அவர்களில் ஒருவர். மறு ஆண்டு போட்டி அட்டவணை நீட்டப்பட்டது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்காமல் போயிருந்தால் இன்றும் நடு இரவில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

‘பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்?’ என்ற பழைய சாக்கு இனி எடுபடாது. 2025 ஜூனில் டெக்சாஸ், டெக்சாஸ் டெக் அணிகள் மோதிய, மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். டெக்சாஸ் தன் முதல் பட்டத்தை வென்றது. அதே தொடரில் ஓக்லஹோமாவின் ஆட்டமும் பயிற்சியின் அருமையைக் காட்டியது. 2024இல் வென்ற மூத்த வீராங்கனைகள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அணியில் பெரும் பகுதி புதுமுகங்கள். சேர்ந்ததோ நாட்டிலேயே மிகக் கடுமையான எஸ்இசி லீக்கில். அப்படியிருந்தும் அந்த லீக்கின் முதலிடத்தைப் பிடித்து, தேசிய அரையிறுதி வரை வந்து, ஒரே ஓட்ட வித்தியாசத்தில் டெக்சாஸ் டெக்கிடம் தோற்றார்கள். சில மாதங்களில் அந்நியர்களை அணியாக்கியது அந்த இலையுதிர்காலம்தான்.

டெக்சாஸ் டெக் அணியின் பிட்சர் நிஜேரி கேனடி இந்தத் தலைமுறையின் அடையாளம். 2024இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து அவர் மாறி வந்தபோது, தன் பெயரையும் படத்தையும் விளம்பரங்களில் பயன்படுத்தும் உரிமைக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஓராண்டு ஒப்பந்தம் பெற்றார். சாஃப்ட்பாலில் அதுவரை கேள்விப்படாத தொகை. ஆனால் தேசியத் தொடரில் கடைசி ஆட்டம் வரை அணிக்காக ஒவ்வொரு பந்தையும் அவரே எறிய வேண்டியிருந்தது. மூன்றாவது இறுதி ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ஐந்து ஓட்டங்கள் கொடுத்துவிட்டு அவர் வெளியேறினார். கீழ்க்கை வீச்சால் தோள் களைப்பதில்லை என்ற பழைய நம்பிக்கை தவறு என்பதை அந்தக் காட்சிக்குப் பிறகாவது ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய பருவத்துக்குத் தயாராகும் ஒவ்வொரு அணிக்கும் முதல் வேலை, இரண்டாவது, மூன்றாவது பிட்சர்களை வளர்த்தெடுப்பது. நட்சத்திரம் ஒருவருக்குப் பணம் வந்தால் போதாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் பயிற்சியாளரின் நேரம் கிடைக்க வேண்டும்.

இங்கேதான் இப்போதைய ஆபத்து இருக்கிறது. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதன்முறையாகத் தங்கள் விளையாட்டு வருவாயை வீரர்களுக்கே நேரடியாகப் பகிர்ந்து தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். சாஃப்ட்பாலுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. முன்பு ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகைதான். அதை இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இனி அணியில் 25 பேர், விரும்பினால் அத்தனை பேருக்கும் முழு உதவித்தொகை. ஆனால் பகிரும் பணத்தில் பெரும் பங்கைக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே ஒதுக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் திட்டமிட்டிருக்கின்றன. பெண்கள் அணிகளுக்கு எஞ்சுவது சில்லறை. இந்தப் பங்கீட்டுக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை வழிகாட்டுதல் தந்தது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது.

இது அநியாயம். வருவாய் ஈட்டும் விளையாட்டுக்கே வருவாய் என்ற வாதம் முதலில் நியாயம்போலத் தோன்றும். ஆனால் ஆண்கள் விளையாட்டுகளுக்குப் பல தலைமுறைகளாக அரங்கமும் ஒளிபரப்பு நேரமும் கொடுத்துவிட்டு, பெண்களைப் பொதுப் பூங்காவில் ஆடவிட்டு, பிறகு யாருக்கு வருவாய் அதிகம் என்று கேட்பது முறையல்ல. மைதானம் கொடுத்த இடத்தில் கூட்டம் வந்தது என்பதற்கு நார்மன் நகரமே சாட்சி. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பால் போட்டிகள்கூட, அந்த நகரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓக்லஹோமா சிட்டியில்தான் நடக்கப்போகின்றன. கல்லூரி மாணவிகளின் தேசியத் தொடர் நடக்கும் அதே டெவன் பார்க் அரங்கத்தில்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலர் மகளைப் பள்ளி விளையாட்டு அணிகளுக்கு அனுப்புகிறார்கள். கல்லூரி தேடும்போது பாடப்பிரிவையும் கட்டணத்தையும் நுணுக்கமாக அலசுகிறார்கள். இன்னொன்றையும் அவர்கள் பார்க்கலாம். ஆண், பெண் அணிகளுக்குத் தனித்தனியே எவ்வளவு செலவிடப்படுகிறது, பயிற்சியாளர்களுக்கு என்ன சம்பளம் என்பதை மத்திய அரசின் நிதி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துகிறது. அந்த அறிக்கைகள் அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. மகள் சேரவிருக்கும் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு அணிகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கல்லூரியிடம் காரணம் கேளுங்கள்.